பொட்டியில வந்த பருவம்

வா பேராண்டி, உக்காரு. கையில என்ன அது, அட்டைப் பொட்டி? சணல் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சுல ஒரு பட்டைத் துண்டை வேற சொருகி வச்சிருக்கு. நிச்சயதாம்பூலத் தட்டுன்னுல்ல நெனச்சேன். பிரிச்சுப் பாத்தா கத்திரிக்கா!

மேல என்ன எழுதியிருக்கு? கண்ணாடிய எடு. 'பருவகால உணவுப் பெட்டி'. சரி. கீழ பொடி எழுத்துல? 'நம் சமூகத்தின் சொந்தக் கடை'. அதுவும் சரி. உள்ள எண்ணி நாலு கத்திரிக்கா, ரெண்டு முருங்கக்கா, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ரெண்டு மலைவாழப்பழம். அதுக்கு மேல ஒரு துண்டுச் சீட்டு. இந்தக் கத்திரிக்கா வறுவலுக்கு எந்த ஒயின் எடுபடும்னு அதுல போட்டிருக்காம். எம்புட்டுடா குடுத்த? வேணாம், சொல்லாத. எனக்கு ஏற்கனவே பிரஷரு.

கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான ஆகணும்னு அந்தக் காலத்துல சொல்லுவாங்க. இப்ப அதுக்கு அந்தச் சிரமமும் இல்ல. போனைத் தடவினா வீட்டு வாசலுக்கே வந்து மணி அடிக்குது. இந்தா, இந்தக் காயக் கொஞ்சம் கையில எடு. காம்பைப் பாரு. கருத்துப் போயிருக்கா? பறிச்ச அன்னிக்குக் காம்பு பச்சையா இருக்கும், அதுல இருக்குற முள்ளு வெரல்ல சுருக்குன்னு குத்தும். இது குத்துதா? ஒன் கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு. பறிச்சு நாலு நாளாவது ஆயிருக்கும். பொட்டிக்கு மட்டும் இன்னிக்குத் தேதி போட்டிருக்கான்.

அது போகட்டும். இது என்ன மாசம்? கார்த்திகை. கார்த்திகையில முருங்கக்கா பருவமாடா? யாரு சொன்னா ஒனக்கு? ஐப்பசி, கார்த்திகை மழையில முருங்கைப் பூவெல்லாம் கொட்டிரும். மரத்துல காய் எங்கிட்டு நிக்கும்? மாசி பொறந்து வெயில் ஏறினா அப்பறம் பாரு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல கட்டுக்கட்டா குமிச்சுப் போட்டு, வாங்க ஆளில்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்ப ஒனக்கு முருங்கக்கா வேண்டாம். கார்த்திகை, மார்கழியில கிலோ 300 ரூவாயத் தாண்டின வருசமெல்லாம் உண்டு. அந்த நேரத்துலதான் ஒனக்குச் சாம்பார்ல முருங்கக்கா இல்லாட்டி சோறு எறங்காது. அந்த மாசத்துல மார்க்கெட்டுக்கு வர்ற முருங்கக்காயில நெறய மகாராஷ்டிரா, குஜராத்துலேர்ந்து லாரி ஏறி வர்றது. ஒன் பொட்டியில இருக்குறது எந்த பாஷை பேசுதுன்னு கேட்டுப் பாரு.

பருவம்னா என்னன்னு கேக்குறயா? ரொம்ப யோசிக்காத. எது மலிஞ்சு கெடக்கோ அது பருவம். எதுக்கு வெல கேட்டதும் ஒங்காத்தா 'நாளைக்குப் பாத்துக்கிருவோம்'னு நகந்துடுறாளோ, அதுக்குப் பருவம் முடிஞ்சிருச்சு. இதுக்கு எதுக்குடா ஒரு அட்டவணை, ஒரு செயலி, ஒரு துண்டுச் சீட்டு? பருவத்துல இருக்குற காய் எங்கயாச்சும் வெல கூட விக்குமா? கூட விக்குதுன்னா ஒண்ணு அது பருவத்துல இல்ல, இல்லாட்டி விக்கிறவன் சாமர்த்தியக்காரன்.

இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, கேட்டுக்க. வெலையப் பாத்து ஏமாறவும் கூடாது. ஒட்டன்சத்திரத்துக் காய் பெரும்பகுதி மலை தாண்டி கேரளாவுக்குப் போகுது. அங்க ஓணம் வந்தா இங்க பூசணிக்காய்க்கும் புடலங்காய்க்கும் திமிரு வந்துரும். முகூர்த்த நாளு அடுத்தடுத்து விழுந்தாலும் அப்படித்தான். அடுத்த வீட்டுக்காரன் விருந்துக்கு நம்ம வீட்டுல வெல ஏறும். அந்த நாளக் கழிச்சுட்டுப் பாரு. அப்பறம் தெரியும் எது பருவம்னு.

தக்காளியத்தான் எடுத்துக்கயேன். அய்யலூருல தக்காளி மார்க்கெட்டு இருக்குல்ல? சில மாசம் பறிகூலிக்குக் கூடக் கட்டாம ரோட்டோரத்துல கொட்டிட்டுப் போவாங்க. மாடு கூட மோந்து பாத்துட்டு நகந்துரும். அதே தக்காளி 2023 ஜூலையில கிலோ 100 ரூவாயத் தாண்டிப் போயி, சென்னையில ரேஷன் கடையில வச்சு 60 ரூவாய்க்கு அரசாங்கமே வித்துச்சு. அரிசி, பருப்பு, பாமாயிலு, பக்கத்துல தக்காளி. எனக்கு அதப் படிச்சதும் சிரிப்பு. தக்காளி இல்லாம ரசம் வைக்கத் தெரியாத சனங்களா நாம? எங்கப்பத்தா காலத்துல நத்தம் புளிதான. தக்காளி மலிஞ்ச மாசம் தக்காளி, இல்லாத மாசம் புளி, மாங்கா காச்ச மாசம் மாங்கா. குழம்பு புளிக்கணும், அம்புட்டுத்தான். எது புளிச்சா என்ன?

எங்கப்பத்தாகிட்ட போயி 'பருவகால உணவு'ன்னு சொல்லியிருந்தா 'வேற எந்தக் கால உணவுடா இருக்கு?'ன்னு கேட்டிருப்பா. தை மாசம் மொச்சையும் சக்கரவள்ளிக் கெழங்கும். அதுவும் மொச்சைன்னா உரிச்ச மொச்சை, கருவாட்டுக் குழம்புல போட்டு. பனங்கெழங்க அவிச்சு, நார் உரிச்சு, உப்பும் மிளகும் தொட்டு. சித்திரையில நுங்கு. மாம்பழம் நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துலேர்ந்து வண்டி வண்டியா. ஆடியில ஒண்ணும் கெடைக்காது. கெடைக்காதுன்னா என்ன செய்வா? தையில காயப்போட்ட அவரை வத்தலும் சுண்டக்கா வத்தலும் பானையில இருக்கும். ஒரு மாசம் வத்தக் குழம்பு. யாரும் செத்துப் போகல. 'உணவுப் பன்முகத்தன்மை' கொறஞ்சு போச்சேன்னு யாரும் கூட்டம் போடவும் இல்ல.

மலைவாழப்பழம் ரெண்டு வந்திருக்கே, அத மட்டும் நான் கொற சொல்ல மாட்டேன். இது மேல எனக்கு ஒரு மரியாதை. சிறுமலைப் பழம் இருக்கே, பாக்கக் குட்டை, தோலு தடிமன், தோலு கருத்துச் சுருங்கினாலும் உள்ள பழம் கெட்டியா இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழப்பழம்தான் வேணும். தண்ணி விடாது. வேற பழத்தப் போட்டா ரெண்டு நாள்ல பொங்கி வழிஞ்சுரும். 1970கள்ல முடிக்கொத்து நோய் வந்து மலையில தோட்டம் தோட்டமா அழிஞ்சுச்சு. அப்ப பாத்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. 2008ல விருப்பாச்சிப் பழத்துக்கும் சிறுமலைப் பழத்துக்கும் புவிசார் குறியீடு குடுத்தாங்க. 2019ல பஞ்சாமிர்தத்துக்கும் குடுத்தாங்க. குறியீடு குடுத்தது சந்தோசம். ஆனா பழத்துக்குப் பட்டம் குடுத்த பெறகு பழம் சாப்புடுறவனுக்கும் ஒரு பவுசு வந்துருது பாத்தயா? ஒனக்கு முன்னால இந்தப் பழத்த யாரும் தின்னதே இல்லங்குற மாதிரி தட்டுல வச்சுப் போட்டோ புடிக்கிற. தின்னுடா. போட்டோவுக்குத் தோலு போதும்.

சரி, சமூகக் கடைன்னு சொன்னயே, அதுக்கு வருவோம். அந்தக் கடையில ஒனக்குப் பங்கு எம்புட்டு? இல்லயா? வருசம் ஒருக்கா பொதுக்குழு கூட்டுனா ஒன்னயக் கூப்புடுவாங்களா? கூப்புட மாட்டாங்களா? லாபம் வந்தா யாருக்கு? அந்த முதலாளிக்கா? அப்ப அது அவன் கடைடா. சமூகம் எங்கிட்டு வந்துச்சு இதுல? ஒன் சொந்தக் கடைன்னு சொல்லி ஒன்கிட்டயே வெல கூட வாங்குறான். நீயும் சிரிச்சுக்கிட்டே குடுக்குற. நான் எண்பது வருசமா மளிகை வாங்குறேன். என்னய யாரும் இம்புட்டு நயமா ஏமாத்தினதில்ல.

கூட்டுக்கடைன்னா என்னன்னு சொல்றேன் கேளு. இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊரு. அங்க 28 பேரு, நெசவாளிங்களும் மத்த கைத்தொழில்காரங்களும். கடைக்காரன் மாவுல கலப்படம் பண்றான், எடையில கை வைக்கிறான், கடன் குடுத்து கழுத்த நெரிக்கிறான். பாத்தாங்க. ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, 1844 டிசம்பர் 21ஆந் தேதி சொந்தமா ஒரு கடை தெறந்தாங்க. என்ன வித்தாங்கன்னு நெனைக்கிற? மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸு, மெழுகுவத்தி. அம்புட்டுத்தான் சரக்கு. சுத்தமான பொருளு, சரியான எடை, ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கின அளவுக்கு லாபத்துல பங்கு. அதுல பட்டைத் துண்டும் இல்ல, சணல் கயிறும் இல்ல. நம்ம சின்னாளபட்டியில ஒரு நெசவாளியக் கூப்புட்டு இந்தக் கதையச் சொன்னா ஒடனே புரிஞ்சுக்குவான். நூலுக்கும் கூலிக்கும் நடுவுல யாரு தின்னுட்டுப் போறான்னு அவனுக்குத் தெரியாததா?

நம்ம பக்கமும் சும்மா இல்ல. சென்னையில திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்னு 1904லயே ஆரம்பிச்சுட்டாங்க. சாமான் வாங்குறவங்க சேந்து நடத்துற கடை இந்தியாவுல அதுதான் மொதல்ல வந்ததும்பாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் கூட்டுறவுப் பண்டகசாலை வந்தது அதுக்கப்பறம். நீ அங்கெல்லாம் போக மாட்ட. அங்க ஏசி இல்ல. தரையில சாக்கு விரிச்சிருக்கும். உளுந்து எடுத்துப் போடுறவரு ஒன்னய 'சார்'னு கூப்புட மாட்டாரு. 'சில்லறை இருக்கா?'ன்னு கேப்பாரு. அவரு மொகத்துல சிரிப்பு இல்லங்குறதும் நெசம்தான். க்யூவுல நின்னு காலு வலிச்சதும் நெசம். பருப்புல கல்லு பொறுக்கினதும் நெசம். ஆனா எடைக்கல்லுல முத்திரை இருந்துச்சா, வெலப்பலகை வாசல்ல தொங்குச்சா? அதப் பாரு மொதல்ல.

ஊரு கூடிச் சாப்புடுறதப் பாக்கணும்னா ஆகஸ்டு மாசம் நம்ம முத்தழகுபட்டிக்குப் போ. செபஸ்தியார் கோயில் திருவிழா. வேண்டுதல்னு ஒருத்தன் ஆடு கொண்டாந்து விடுவான், ஒருத்தன் கோழி, ஒருத்தன் அரிசி மூட்டை, இல்லாதவன் ரெண்டு படி வெங்காயம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஆக்கி அசனம் போடுவாங்க. எந்தச் சாதி, எந்த மதம்னு கேள்வி கெடையாது. குந்தினவனுக்கெல்லாம் எல. அங்க எவனாச்சும் ஒன்கிட்ட 'நம் சமூகத்தின் சொந்த விருந்து'ன்னு நோட்டீசு குடுத்தானா? குடுக்க நேரம் இல்ல சாமி, கறி வெந்துக்கிட்டு இருக்கு.

இப்ப அந்தத் துண்டுச் சீட்டக் குடு, வாசிப்போம். 'சிவப்பு ஒயினில் புகையிலையின் வாசமும், பதப்படுத்திய தோலின் மணமும், மெல்லிய காபிச் சாயலும், மிளகின் கடைசிச் சுவையும்.' அடேய்! இது ஒயினா, நம்ம மாவட்டத்துக் கெசட்டா?

புகையிலை வாசத்துக்குத் திண்டுக்கல்காரன் பாட்டிலு வாங்கணுமா? இந்த ஊரு சுருட்டு கடல் தாண்டிப் போன ஊரு. வேடசந்தூர்ல புகையிலை ஆராய்ச்சி நிலையம் 1948லேர்ந்து இருக்கு. வெயில் நேரத்துல ஒரு புகையிலைக் குடோன் வாசல்ல போயி நின்னு மூச்ச இழு. தும்மலோட சேத்து எல்லாச் சாயலும் வரும், காசு இல்லாம. தோலு மணமா? எத்தன வருசம்டா நாங்க தோல் ஷாப்பு ஓரமா மூக்கப் பொத்திக்கிட்டு சைக்கிள் மிதிச்சோம். அந்த மணத்துக்கு இப்ப வெள்ளைக்காரன் பாட்டிலுக்குப் பணம் குடுக்கறானாம்! அதுக்கு உண்மையான வெல குடுத்தது யாரு தெரியுமா? சுத்துப்பட்டுக் கெணறுங்க. தோல் ஷாப்புக் கழிவால தண்ணி உப்புக் கரிச்சு, தென்னை கருகி, இன்னிக்கு வரைக்கும் குடுத்துக்கிட்டு இருக்கு. அத எந்தச் சீட்டுலயும் எழுத மாட்டான். காபிக்கும் மிளகுக்கும் நீ தாண்டிக்குடி ஏறிப் போ. காபிச் செடி நெழலுல நிக்கும், பக்கத்து மரத்துல மிளகுக் கொடி ஏறியிருக்கும். ரெண்டையும் ஒரே மூச்சுல மோந்துட்டு வா. பஸ் டிக்கெட்டு மட்டும்தான் செலவு.

நான் சாமியார்னு நெனைக்காத. எனக்கும் வயசு இருந்துச்சு. ஆனா குடிக்கிறதுல இம்புட்டு பாடம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாம போச்சு. கோப்பையச் சுத்தணுமாம். மோக்கணுமாம். அப்பறம் கண்ண மூடணுமாம். அதுக்கும் மேல எந்தச் சோத்துக்கு எந்த ஒயினுன்னு ஜாதகம் பாக்கணுமாம். பிரியாணிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளையாம். 1957லேர்ந்து இந்த ஊருல தலப்பாக்கட்டிப் பிரியாணி போடுறாங்க. சீரகச் சம்பா அரிசி, எளம் ஆட்டுக்கறி. அதுக்கு ஜோடி தயிர் வெங்காயம்னு எப்பவோ பேசி முடிச்சாச்சு. இப்ப புதுசா ஒரு மாப்பிள்ளையக் கொண்டாந்து நிறுத்துறயே, நியாயமா?

அதும் போக, இதச் சீட்டுல எழுதத்தான் முடியும், பொட்டியில வைக்க முடியாது. நம்ம ஊருல மளிகைக் கடையில ஒயின் விக்க வழி இல்ல. 2003லேர்ந்து சில்லறைச் சரக்கெல்லாம் டாஸ்மாக் கையில. மகாராஷ்டிராவுல 2022 ஜனவரியில, சூப்பர் மார்க்கெட்டுல ஒயின் வச்சு விக்கலாம், திராட்சை வெவசாயிக்கு நல்லதுன்னு மந்திரிசபை ஒரு முடிவு எடுத்துச்சு. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருக்கப் போறேன்னு கெளம்பிட்டாரு. பெரிய ரகளை. வெவசாயி பேரச் சொன்னா எதையும் விக்கலாம் பாத்தயா? வெவசாயி விக்கிறதத் தவிர.

திராட்சைன்னா ஒனக்கு பிரான்ஸும் இத்தாலியும்தான் ஞாபகம் வருது. இங்க இருந்து வெள்ளோடு எம்புட்டு தூரம்? கொடைரோடு, ஜாதிகவுண்டன்பட்டி, பெருமாள்கோவில்பட்டி, சிறுமலை அடிவாரம் பூரா பந்தல் பந்தலா பன்னீர் திராட்சை தொங்குது. அதுக்குப் படிச்சவங்க வச்ச பேரு மஸ்கட் ஹாம்பர்க். பேரு நல்லா இருக்குல்ல? அந்தப் பேரப் பொட்டி மேல போட்டா நீ ரெட்டை வெல குடுப்ப. ரோட்டோரத்துல தட்டுல குமிச்சு 'பன்னீர் பன்னீர்'னு கூவினா 'விதை இருக்கே'ன்னு மூஞ்சியச் சுளிப்ப. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருத்தர் கொண்டாந்து நட்டாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கம்பம் பள்ளத்தாக்குல வெளையிற பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடும் வந்துருச்சு. தேனிப் பக்கம் அதுல ஒயின் எடுக்குற ஆலையும் போட்டாங்க.

இந்தத் திராட்சையில ஒரு வேடிக்கை இருக்கு. நீ பருவம் பருவம்னு பொட்டி வாங்குறயே, இதுக்கு ஒன் நாள்காட்டிப் பருவமே கெடையாது. நாசிக் பக்கம் வருசத்துக்கு ஒரு வெள்ளாமை, தையில ஆரம்பிச்சு சித்திரைக்குள்ள முடிஞ்சுரும். நம்ம பக்கம் குளிரும் இல்ல, பனியும் இல்ல. வெவசாயி என்னிக்குக் கத்தியத் தூக்கிக் கவாத்து பண்றானோ அன்னிக்குக் கணக்கு ஆரம்பம். நாலு மாசம் போலக் காத்திருந்தா கொல கைக்கு வந்துரும். ஒரு பந்தல்ல பூ, அடுத்த பந்தல்ல பிஞ்சு, அதுக்கடுத்த பந்தல்ல அறுப்பு. வருசம் பூரா திராட்சை. அங்க பருவத்த முடிவு பண்றது கத்தி. கெடுக்கிறது மழை. அறுப்பு நேரத்துல நாலு நாள் சேந்தாப்புல பேஞ்சா பழம் வெடிச்சுப் போகும், செவட்டை நோய் விழும், வியாபாரி தோட்டத்துக்குள்ள வந்து தலையச் சொறிஞ்சுட்டுத் திரும்பிப் போவான். அந்தப் பந்தலுக்குக் கீழ நின்னு ஒரு வெவசாயி மொகத்தப் பாத்திருக்கயா? எந்த ஒயின் சீட்டுலயும் அந்தச் சாயலப் பத்தி ஒரு வரி இருக்காது.

வெள்ளோடு, பஞ்சம்பட்டிப் பக்கம் வேதக்காரங்க வீட்டுல கிறிஸ்துமசுக்கு ஒரு மாசத்துக்கு முன்னால பீங்கான் ஜாடி ஒண்ணு இருட்டு மூலைக்குப் போயிரும். உள்ள திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, ரெண்டு கிராம்பு. வாயில துணியக் கட்டி வச்சிருப்பாங்க. என்னன்னு கேட்டா 'ஊறுகா'ம்பா அந்த வீட்டுப் பாட்டி. நானும் சட்டம் தெரிஞ்சவன்தான், மேக்கொண்டு கேக்க மாட்டேன். திருநாள் அன்னிக்கு ஒரு சின்ன டம்ளரு ஊறுகா குடுப்பா. கேக்கு ஒரு துண்டு. அதுக்குச் சீட்டு எழுத யாரும் இல்ல.

ஊரு ஒயினுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது பனையில இருந்துச்சு. பாளையச் சீவிக் கலயத்தக் கட்டுவாங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி வச்சா வெடியக்காலம் எறக்குறது பதநீரு. பனையோலைப் பட்டைய மடிச்சுப் புடிச்சு, அதுல ஊத்தி, நுங்க நகத்தால நோண்டிப் போட்டு, குனிஞ்சு குடிக்கணும். மூக்குல நொரை ஒட்டும். சுண்ணாம்பு தடவலன்னா அது கள்ளு. 1987 ஜனவரி 1லேர்ந்து தமிழ்நாட்டுல கள்ளு எறக்கக் கூடாது. அதே மரம், அதே பாளை, அதே கலயம். சுண்ணாம்பு இருந்தா பானம், இல்லாட்டி குத்தம். பனைய மாநில மரம்னு அறிவிச்சதும் இதே அரசாங்கம்தான். மரத்துக்கு மரியாதை, மரம் ஏறுறவனுக்கு கேசு. எனக்கு இதுல சிரிக்கிறதா அழுவுறதான்னு இன்னும் தெரியல. ஒனக்கு ஒயின்ல எது தோதுன்னு கேக்குற வயசு. ஒன் ஊருப் பனையில ஏற இன்னும் எத்தன பேரு மிச்சம் இருக்காங்கன்னு கேட்டயா?

கெழவன் கொறையாவே சொல்றான்னு நெனைக்கிறயா? நல்லதும் சொல்றேன். பருவத்துல வெளையிறதத் தின்னணும், பக்கத்துல வெளையிறதத் தின்னணும், வெளைய வச்சவன் மொகத்தப் பாத்து வாங்கணும்னு நெனைச்ச பாரு, அந்த எண்ணம் தங்கமானது. எடந்தான் தப்பு. அதுக்குன்னே ஒரு எடத்த அரசாங்கம் கட்டி விட்டு ரொம்ப வருசம் ஆச்சு. உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ஆந் தேதி மதுர அண்ணா நகர்ல மொதச் சந்தை தெறந்தாங்க. கலைஞர் ஆட்சி. நடுவுல ஆட்சி மாறி கொஞ்ச காலம் தூங்கிக் கெடந்துச்சு, 2006க்கு அப்பறம் திரும்ப முழிச்சுச்சு. நம்ம திண்டுக்கல்லுலயும் இருக்கு. ஒனக்கு வழி தெரியாது. ஒன் போனுக்குத் தெரியும்.

அங்க எப்படித் தெரியுமா? கடை போடுற வெவசாயிகிட்ட போட்டோ ஒட்டின அட்டை இருக்கணும். இன்ன ஊரு, இம்புட்டு நெலம், என்ன பயிருன்னு அதிகாரி பாத்துக் குடுத்த அட்டை. வாடகை கெடையாது. தராசு அங்கயே குடுப்பாங்க. வெல யாரு வைக்கிறது? காலையில மொத்த மார்க்கெட்டு வெலைய விசாரிச்சு, அதுக்கு மேல 20 சதம் போல வச்சு, வெளிக்கடை வெலைக்கு 15 சதம் போல கொறச்சு, பலகையில எழுதிப் போடுவாங்க. வெவசாயிக்கும் ரெண்டு காசு கூட, ஒனக்கும் ரெண்டு காசு மிச்சம். நடுவுல சணல் கயிறு கட்டுறவனுக்கு வேல இல்ல.

எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு கேட்டா, எங்கதான்டா நடக்குது? அட்டைய வச்சுக்கிட்டு வியாபாரி உள்ள வந்து உக்காந்துக்கிறான்னு பேச்சு உண்டு. கண்டுபிடிக்கிறது சுளுவு. கார்த்திகையில ஒருத்தர் முன்னால பதினஞ்சு வகை காய் அடுக்கியிருந்தா அவரு வெவசாயி இல்ல. ரெண்டு வகை, மிஞ்சினா மூணு வகை, அதுவும் கோணக்காயும் புழுக்காயுமா கலந்து கெடந்தா அதுதான் தோட்டத்துக் காய். எப்பப் பறிச்சீங்கன்னு கேளு. 'நேத்துப் பொழுது சாய'ன்னு யோசிக்காம சொல்லுவாங்க. யோசிச்சுச் சொன்னா அடுத்த ஆளப் பாரு.

அப்பறம் ஒரு புத்தி சொல்றேன். வெண்டக்கா வாங்கப் போனா நுனிய ஒடிச்சு ஒடிச்சுப் பாத்துட்டு நகந்துராத. நீ ஒடிச்சத யாரு வாங்குவா? போன வாரம் ஒன்ன மாதிரி ஒரு தம்பி, காதுல கருப்பா ஒண்ணு மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ இங்கிலீசுல பேசிக்கிட்டே பத்துக் காய ஒடிச்சுட்டான். அந்தம்மா ஒண்ணும் சொல்லல. ஒடிச்ச பத்தையும் எடுத்து தட்டுல போட்டு, மேல கால் கிலோவுக்கு நெரப்பி, 'எட்டு ரூவா குடு தம்பி'ன்னு பையில கவுத்துட்டா. நான் பக்கத்துல நின்னு கை தட்டாத கொற.

நாளைக்கு வெள்ளன எந்திரி. ஆறு மணிக்கு முன்னால போயிரு. ஏழரைக்குப் போனா மிச்சம்தான் கெடைக்கும். மஞ்சப்பை எடுத்துக்க. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு அரசாங்கமே சொன்னதுக்கப்பறம் அதத் தூக்குறதுல கௌரவக் கொறச்சல் ஒண்ணும் இல்ல. கீரை வாங்கு, இந்த மழைக்கு எல பெருசா வந்திருக்கும். அவரை வர ஆரம்பிச்சிருந்தா அதையும் வாங்கு. முருங்கக்கா கேக்காத, மாசி வரைக்கும் பொறு. பலகையில போட்ட வெலைக்குக் கீழ பேரம் பேசாத. சில்லறையாக் கொண்டு போ. விடிஞ்சும் விடியாம 500 ரூவா நோட்ட நீட்டினா அந்தம்மா எங்கிட்டுப் போவா?